கேனப்பி திறந்த பிறகு வரும் சிக்கல்கள்: என்ன தெரிந்தால் என்ன செய்வது

ஸ்கைடைவிங்கில் ஏஎஃப்எஃப் என்ற ஆரம்பப் பயிற்சி முடித்து, ஏ லைசென்ஸ் என்ற முதல் உரிமம் வாங்கி, இன்னும் நூறு ஜம்ப் தாண்டாமல் இருக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் குதிப்பது தெற்குக் கலிஃபோர்னியாவில். அதனால் கீழே வரும் உயரக் கணக்கெல்லாம் அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ சொல்லும் கணக்கு. உங்கள் பயிற்றுநர் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் ரிக்கும் (பாராசூட் பையும் பட்டைகளும்) கேனப்பியும் (விரியும் பாராசூட் துணி) அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

பாராசூட்டைக் குடை என்று சொல்லிப் பழகிவிட்டோம். பழைய ராணுவப் படங்களில் வருகிற வட்டப் பாராசூட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தும். நாம் மாட்டிக்கொண்டு குதிப்பது குடை இல்லை, இறக்கை. 1960களில் டொமினா ஜால்பர்ட் என்ற பட்டம் செய்பவர் கொண்டுவந்த அமைப்பு அது. ஏழோ ஒன்பதோ அறைகள், எல்லாவற்றுக்கும் முன்பக்கம் வாய் திறந்திருக்கும். முன்னோக்கிப் போகிற வேகத்தில் காற்று உள்ளே புகுந்து துணியை விறைப்பாக்குகிறது. வேகம் இருக்கிறவரைக்கும்தான் அது பறக்கும். ஒரு பக்கம் இழுத்தால் திரும்புவதோடு நிற்காது, சாய்ந்து கீழேயும் பாயும். குடை என்ற நினைப்பிலேயே இருப்பவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தைத் தரைக்குப் பக்கத்தில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

எந்தச் சிக்கலாக இருந்தாலும் முதலில் ஆல்டிமீட்டரைப் பாருங்கள். ஏ லைசென்ஸ்காரர் 3,000 அடிக்குக் கீழே போகாமல் பாராசூட்டைத் திறக்க வேண்டும். 2,500 அடிக்குள் ‘இதோடு இறங்கலாமா, கழற்றி விடுவதா’ என்று முடிவெடுத்திருக்க வேண்டும். பி லைசென்ஸும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அந்த முடிவு உயரம் 1,800 அடி. 1,000 அடிக்குக் கீழே மெயினை, அதாவது முதலில் திறக்கும் பாராசூட்டை, கழற்றவே கூடாது. அங்கே பறக்காத மெயின் தலைக்கு மேல் இருந்தால், கழற்றாமல் ரிசர்வை (மாற்றுப் பாராசூட்டை) மட்டும் இழுக்க வேண்டியதுதான். எதையும் சரிசெய்ய இரண்டு முறை முயலுங்கள். மூன்றாவது முறையாக உலுக்கிக்கொண்டிருக்கும்போது கை வேலையில் இருக்கும், கண் உயரத்தை மறந்திருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி மூன்றே. சதுரமாக விரிந்திருக்கிறதா? நேராகப் பறக்கிறதா? இழுத்தால் திரும்பி, ஃபிளேரும் (இறங்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்து இழுத்து வேகத்தைக் குறைப்பது) ஆகிறதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் துணியில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும் அதோடு இறங்கலாம்.

ரைசர்கள் முறுக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தவே முடியவில்லை

லைன் ட்விஸ்ட்: கயிறுகளும், அவற்றைத் தோளோடு இணைக்கும் பட்டைகளான ரைசர்களும் முறுக்கிக்கொள்வது. எல்லோருக்கும் ஒரு நாள் வரும். சின்ன வயதில் ஊஞ்சலில் உட்கார்ந்து கயிற்றை முறுக்கிவிட்டுச் சுற்றியிருப்பீர்கள். அதே கதைதான், இங்கே ஊஞ்சல் பலகை நீங்கள்.

மேலே பாருங்கள். கேனப்பி முழுதாக விரிந்து நேராகப் போகிறது என்றால் பதற்றம் வேண்டாம். இரண்டு கையாலும் ரைசர்களைப் பிடித்து வெளிப்பக்கமாக விரியுங்கள். முறுக்கு எந்தப் பக்கம் அவிழ வேண்டுமோ அந்தப் பக்கமாகக் காலை உதைத்து உடம்பைச் சுழற்றுங்கள். முதல் அரைச் சுற்றுதான் நகராமல் படுத்தும். அப்புறம் தானாகவே வேகம் எடுத்து அவிழும், சில நேரம் எதிர்ப்பக்கம் ஒரு சுற்று கூடுதலாகவும் போய்த் திரும்பி வரும். முறுக்கு முழுக்கப் போகிறவரை டாகிளை (பிரேக் கயிற்றின் கைப்பிடியை) தொடாதீர்கள். பிரேக்குகள் பாதி இழுத்து மடக்கிய நிலையில் இருப்பதால்தான் கேனப்பி அமைதியாக நேரே போய்க்கொண்டிருக்கிறது. முறுக்குக்குள் பிரேக் கயிறும் சிக்கியிருக்கும். அவிழ்த்து இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிடும்.

ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தால் கதை வேறு. கேனப்பி அடிவானத்தில் தெரிகிறது, நீங்கள் ராட்டினத்தில் வெளியே வீசப்பட்ட மாதிரி கிடக்கிறீர்கள், முதுகு தரையைப் பார்க்கிறது. இதில் உயரம் கண்ணெதிரே கரையும். சுற்றும் விசையில் கை கனத்துப்போகும். இன்னும் சில விநாடி விட்டால் கைப்பிடியைத் தேடுவதே கஷ்டமாகிவிடும். ‘ஒருவேளை அவிழ்ந்துவிடுமோ’ என்று காத்திருக்க இது இடம் இல்லை. கழற்றி விடுங்கள்.

கழற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ரிக்குகளில் வலது பக்கம் மெத்தென்ற துணிக் கைப்பிடி கட்அவே (மெயினைக் கழற்றுவது), இடது பக்கம் ரிசர்வ். முதலில் கண், பிறகு கை. கண்ணால் பார்க்காமல் துழாவினால் ஹார்னஸ் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பீர்கள். கட்அவே கைப்பிடி வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும்; முதலில் உரித்து, பிறகு கை முழுக்க நீளும்வரை தள்ள வேண்டும். பாதி நீட்டிவிட்டு ‘வரவில்லை’ என்று நின்றால் ஒரு பக்க ரைசர் மட்டும் கழன்று, மறுபக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் அபாயம் உண்டு. உடனே ரிசர்வ். மெயின் ரைசரை ரிசர்வோடு இணைக்கும் ஆர்எஸ்எல் பட்டை இருக்கிறது, மெயின் கழன்றதும் அது தானாக ரிசர்வைத் திறக்கும் என்று கையைச் சும்மா வைக்காதீர்கள். அது உதவிக்குத்தான், வேலை உங்களுடையது.

திறந்த உடனே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு திரும்புகிறது

மூன்று காரணம் இருக்கலாம். மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கேனப்பி நல்ல வடிவத்தில் இருக்கிறது, பின்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் மடங்கியிருக்கிறது என்றால் ஒரு பிரேக் தானாக அவிழ்ந்திருக்கிறது. மறுபக்கம் இன்னும் மடக்கியே இருப்பதால் அந்தப் பக்கம் திரும்புகிறது. இரண்டு டாகிளையும் பிடித்து இழுத்து விடுங்கள், அவ்வளவுதான். பார்க்கப் பயமாக இருக்கும், மருந்து இரண்டு விநாடி வேலை. ஆனால் தாமதித்தால் இதுவே சுற்றும் லைன் ட்விஸ்ட்டாக மாறிவிடும்.

கயிறுகளில் ஒரு கொத்து ஓரிடத்தில் முடிச்சுப் போட்ட மாதிரி சேர்ந்திருக்கிறது, அதற்கு மேலே துணி சுருங்கியிருக்கிறது என்றால் டென்ஷன் நாட். பிரேக்குகளை அவிழ்த்து, முழுக்க இழுத்து விட்டு இரண்டு முறை பாருங்கள். போகவில்லையா? எதிர் டாகிளை இழுத்து நேராகப் பறக்க வைக்க முடிகிறதா, அப்படி வைத்த பிறகும் ஃபிளேருக்குக் கை நீளம் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். நேராகப் போவதற்கே கையை இடுப்புவரை இழுக்க வேண்டியிருந்தால், இறங்கும்போது இழுக்க ஒன்றும் இருக்காது. அது இறங்கத் தகாத கேனப்பி.

மூன்றாவது, கயிறு ஒன்று கேனப்பியின் மேலே குறுக்காகப் போய், நடுவில் இறுக்கிக் கட்டிய தலையணை மாதிரி இருப்பது. லைன்ஓவர். உலுக்கிப் பார்த்துக்கொண்டிருக்காமல் கழற்றுவது நல்லது. வேகமாகச் சுற்றும், மேலும் மேலும் வேகம் எடுக்கும்.

ஸ்லைடர் பாதியிலேயே நிற்கிறது

ஸ்லைடர் என்பது நாலு மூலையிலும் வளையம் வைத்த துணித் துண்டு. கேனப்பி வெடித்துத் திறக்காமல் மெதுவாகத் திறக்கவைப்பது அதன் வேலை. அது கீழே இறங்காவிட்டால் கேனப்பி முழுதாக விரியாது, நீங்கள் வேகமாக இறங்கிக்கொண்டிருப்பீர்கள். டாகிள்களை அவிழ்த்து முழுக்க இழுத்துப் பிடித்து கேனப்பியை மெதுவாக்குங்கள், பிறகு விட்டு விட்டு இழுங்கள். பின் ரைசர்களையும் இப்படி உலுக்கலாம். இரண்டு முயற்சியில் இறங்கவில்லை, ஃபிளேர் சோதனையும் தேறவில்லை என்றால் முடிவு தெரிந்ததுதான்.

ஓர அறைகள் மூடியிருக்கின்றன

இதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை. டாகிளை இழுத்துப் பிடித்து மெதுவாக விடுங்கள், பொதுவாகத் திறந்துகொள்ளும். திறக்காவிட்டாலும் நேராகப் பறந்து ஃபிளேர் ஆனால் இறங்கலாம். 1,000 அடிக்குக் கீழே வந்தும் அதை நிமிண்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

டாகிளை இழுத்தால் கையோடு வருகிறது, அல்லது வரவே மாட்டேன் என்கிறது

கையோடு வந்தால் பிரேக் கயிறு அறுந்திருக்கிறது. பின்னால் ஒரு நூல் படபடத்துக்கொண்டிருக்கும். நகரவே இல்லை என்றால் மடக்கிய இடத்தில் சிக்கியிருக்கிறது. இரண்டாவதில் பலமாக இரண்டு முறை இழுத்துப் பாருங்கள்.

பின் ரைசர்களாலும் கேனப்பியைத் திருப்ப முடியும், ஃபிளேரும் ஆகும். ஆனால் ஒரு பக்கம் டாகிள், மறுபக்கம் ரைசர் என்று கலந்து பிடிக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவில் வேலை செய்பவை, சமமாக இழுக்கவே முடியாது. ரைசரில் இழுக்கும் அளவும் மிகக் குறைவு. டாகிளில் கை இடுப்புவரை போகும், ரைசரில் சில அங்குலத்துக்கு மேல் போனால் கேனப்பி சட்டென்று ஸ்டால் ஆகி, பறப்பதை நிறுத்திவிடும். இதை ஒருமுறைகூட 3,000 அடிக்கு மேலே பழகிப் பார்க்காதவர், முதன்முதலாகத் தரைக்குப் பத்தடி மேலே பழகக் கூடாது. பழகாதவர்கள், முடிவு உயரத்துக்கு மேலே இருந்தால், கழற்றுவதையே நான் சொல்வேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தலைக்கு மேல் இரண்டு கேனப்பி

தாழ்வாகத் திறந்ததன் கூலி இது. பல ஏஏடி கருவிகள் சுமார் 750 அடியில், இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வைத் திறந்துவிடும். மெயினைத் தாமதமாக இழுத்தவருக்கு அது விரிவதற்குள் ரிசர்வும் வந்து சேர்ந்துவிடும்.

ஒன்றின் பின் ஒன்றாக நின்றால் கழற்றாதீர்கள். முன்னே இருப்பதை மட்டும் டாகிளால் மெல்லத் திருப்புங்கள், பின்னே இருப்பதன் பிரேக்கை அவிழ்க்கவே வேண்டாம். ஃபிளேர் செய்யாமல், கால்களைச் சேர்த்து உருண்டு இறங்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று சாதுவாகப் பறந்தால், பெரியதாக இருப்பதைப் பின் ரைசரால் மென்மையாகத் திருப்பி அதே போல இறங்கலாம். இரண்டும் சிக்காமல் தனித்தனியாக இருந்து, கட்டுப்பாட்டுக்கு வரவில்லை என்றால் மெயினைக் கழற்றலாம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் தரையை நோக்கிப் பாய்ந்தால் யோசனையே இல்லை, மெயினைக் கழற்றியாக வேண்டும்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ட்ராப் ஸோனுக்கு (இறங்கும் மைதானத்துக்கு) போய்ச் சேர மாட்டேன் போல

எட்டுமா எட்டாதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. போக வேண்டிய இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அது பார்வையில் மேலே ஏறிக்கொண்டே போனால் எட்டாது. கீழே இறங்கினால் தாண்டிப் போய்விடுவீர்கள். காற்று முதுகில் அடிக்கும்போது பாதி பிரேக் பிடித்தால் காற்றே சுமந்துகொண்டு போகும். எதிர்க்காற்றில் கையை முழுக்க மேலே விடுங்கள்.

2,000 அடியிலேயே ‘அங்கே இல்லை, இங்கே’ என்று வேறு வெற்று நிலத்தைத் தேர்ந்துவிடுங்கள். மின்கம்பி தனியாகக் கண்ணில் படாது, கம்பங்களைத் தேடுங்கள்; இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மைல் நடப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. காரில் வந்து அழைத்துப் போவார்கள், ஒரு பீர் வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் தண்டனை.

தரை நெருங்கிவிட்டது, காற்றுக்கு எதிராக இல்லை

யுஎஸ்பிஏ வெளியிடும் விபத்து அறிக்கைகளைத் தொடர்ந்து படித்துவருபவர்களுக்குத் தெரியும்: சிக்கிய பாராசூட்டால் சாகிறவர்களோடு, முழுதாக விரிந்த, எந்தக் குறையும் இல்லாத கேனப்பியைத் தாழ்வாகத் திருப்பிச் சாகிறவர்களும் வருடாவருடம் வருகிறார்கள்.

என் 46வது ஜம்ப். மதியம், வெயில் கொளுத்துகிற நேரம். 300 அடியில் கடைசி நேர்ப்பாதைக்குத் திரும்பியபோது காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக் என்னைப் பார்த்துத்தான் ஆடிக்கொண்டிருந்தது. 100 அடி வந்தபோது துணி தொங்கி, ஒரு சோம்பல் முறித்து, எதிர்ப்பக்கம் நிமிர்ந்தது. முதுகுக்காற்று. தரை ஓடுகிற வேகத்தைப் பார்த்ததும் கை தானாக இடது டாகிளை இழுத்தது. கேனப்பி திரும்பியது, பாய்ந்தது. வலது டாகிளையும் இழுத்துச் சமன்செய்ய நேரம் கிடைத்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கணுக்காலில் எலும்பு முறிந்து எட்டு வாரம் கட்டு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேனப்பியின் வேகம் மணிக்கு 20 மைல், காற்று 8 மைல் என்று வைப்போம். எதிர்க்காற்றில் இறங்கினால் தரை வேகம் 12, முதுகுக்காற்றில் 28. இருபத்தெட்டு என்பது வேகம்தான், ஆனால் அது கிடைமட்ட வேகம். சறுக்கலாம், உருளலாம், தோலும் உடையும் கிழியும். தாழ்ந்த திருப்பத்தில் கிடைப்பது கீழ்நோக்கிய வேகம். அதில் சறுக்க இடம் இல்லை.

அதனால் முன்னுரிமை இந்த வரிசையில்: இறக்கை சமமாக, நேராக இருக்க வேண்டும், முன்னால் தடை இருக்கக் கூடாது, பாதி பிரேக்காவது ஃபிளேர் இருக்க வேண்டும், கால்கள் சேர்ந்து உருளத் தயாராக இருக்க வேண்டும். காற்றின் திசை இந்தப் பட்டியலிலேயே இல்லை. நேர் எதிரே மரமோ வேலியோ வந்து திரும்பியே ஆக வேண்டுமானால், இரண்டு டாகிளையும் மார்புவரை இழுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் கொஞ்சம் மேலே விட்டுத் திருப்புங்கள். கேனப்பி பாயாமல் தட்டையாகத் திரும்பும். இதையும் மேலே பழகிவிட்டுத்தான் கீழே கொண்டுவர வேண்டும்.

ஃபிளேரைச் சீக்கிரம் போட்டுவிட்டேன்

கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள். மேலே விடாதீர்கள், விட்டால் கேனப்பி மூக்கைக் குத்திக்கொண்டு பாயும். தரை தொடும் நேரத்தில் மீதியை இழுத்து முடித்து, முழங்காலைச் சேர்த்து உருளுங்கள். பொதுவாக ஃபிளேர் தொடங்குவது பத்துப் பதினைந்து அடி உயரத்தில். காலுக்குக் கீழே பார்ப்பவர்களுக்குத்தான் சீக்கிரம் போடும் பழக்கம் வருகிறது. பார்வை முன்னால், சாய்வாக இருக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுகிறீர்களா? யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தரை வரும்போது ஒரு கையை ஊன்றுவதற்கு நீட்டுகிறீர்கள் என்று அநேகமாகத் தெரியவரும். நீளும் கையோடு அந்த டாகிள் இன்னும் இறங்குகிறது, கேனப்பி அந்தப் பக்கமே திரும்புகிறது, நீங்கள் ‘நல்லவேளை கையை நீட்டினேன்’ என்று நினைக்கிறீர்கள்.

இறங்கும் இடத்தில் புழுதி சுழன்று எழுகிறது

எங்கள் ஊரில் பேய்க்காற்று என்று சொல்வார்கள். காய்ந்த வயலில் சருகையும் பிளாஸ்டிக் பையையும் சுற்றித் தூக்கும். கலிஃபோர்னியப் பாலைநிலத்தில் கோடை மதியத்தில் இது சாதாரணம். கேனப்பி அதற்குள் போனால் ஒரு பக்க அறைகளில் காற்று இல்லாமல் போய் மடங்கிவிடும். உயரம் இருக்கும்போதே விலகி, தூரமானாலும் வேறு இடத்தில் இறங்குங்கள். கட்டிடம், மரவரிசை ஆகியவற்றின் காற்று மறைவுப் பக்கத்திலும் இதே கலக்கம் உண்டு. பலத்த காற்றில் தடையின் உயரத்தைப் போல பத்திலிருந்து இருபது மடங்கு தூரம்வரை நீளும். முப்பதடி ஹேங்கர் என்றால் அறுநூறு அடி.

இறங்கிவிட்டேன், கேனப்பி இழுத்துக்கொண்டு போகிறது

ஒரே ஒரு டாகிளைப் பிடித்துக் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்துச் சுருட்டுங்கள். எழ முடிந்தால் கேனப்பியைச் சுற்றி ஓடி அதன் மறுபக்கம் போய்விடுங்கள். இரண்டையும் சேர்த்து இழுத்தால் சில நேரம் இன்னும் நன்றாகக் காற்றைப் பிடிக்கும். முடியவே இல்லை என்றால் ஆர்எஸ்எல்லைக் கழற்றிவிட்டு மெயினைக் கட்அவே செய்யுங்கள். ரிசர்வ் மறுபடி மடிக்கும் செலவு மிச்சம்.

ஒவ்வொரு ஜம்ப்பிலும் அதே தொல்லை

ஒருமுறை வந்தால் அது சம்பவம், நாலு முறை வந்தால் ரிக்கைப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் திரும்பித் திறந்தால் முதலில் உங்கள் தோள்களைச் சந்தேகப்படுங்கள். திறக்கும்போது ஒரு தோளைத் தாழ்த்தித் திரும்பிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு. அடுத்தது கால் பட்டைகள் ஒரே அளவில் இறுகியிருக்கின்றனவா என்பது. கழுத்து முறிகிற மாதிரி திறந்தால், மடிக்கும்போது ஸ்லைடர் நாலு மூலையிலும் மேலே முட்டி நிற்கிறதா, கயிற்றைப் பிடிக்கும் ரப்பர் பேண்டுகள் தளர்ந்துவிட்டனவா என்று பாருங்கள்.

ஃபிளேர் முன்பு மாதிரி இல்லை, கையை மேலே விட்ட பிறகும் கேனப்பி குதிரை மாதிரி லேசாகக் குலுக்குகிறது என்றால் பிரேக் கயிறு சுருங்கியிருக்கலாம். ஸ்பெக்ட்ரா கயிறு ஸ்லைடர் வளையம் உரசும் சூட்டில் ஜம்ப்புக்கு ஜம்ப் கொஞ்சம் சுருங்கும். ஓரத்துக் கயிறுகளும் பிரேக் கயிறும்தான் அதிகம் சுருங்குபவை. வெக்ட்ரான் என்ற இன்னொரு வகைக் கயிறு சுருங்காது, தேய்ந்து அறும். அடுத்த முறை திறந்ததும், உயரம் இருக்கும்போது, டாகிள்களை முழுக்க மேலே விட்டுவிட்டுத் திரும்பிப் பாருங்கள். பிரேக் கயிறு காற்றில் பின்னோக்கி வில் மாதிரி வளைந்திருக்க வேண்டும். நேராக விறைத்து, பின்விளிம்பைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தால் அதை அளந்து மாற்றச் சொல்லி, பாராசூட் பழுதுபார்க்கும் ரிக்கரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ரைசரில் இருக்கும் மூன்று வளையத்தையும் கழற்றி, பட்டையை வளைத்து நெளித்து மறுபடி மாட்டச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய அந்த வேலையையும் நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள்.